நூலாசிரியரே பதிப்பாளரானால்: விற்காத பிரதிகள் யார் கணக்கில்?

எழுதியவரே தம் நூலை அச்சிட்டு விற்பது சரியா என்ற கேள்விக்குத் தமிழில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் சொல்லி வருகிறார்கள். அது தன்மானமுள்ள செயல் என்பார் ஒரு சாரார். எந்தப் பதிப்பாளரும் எடுக்காத நூல் என்பதற்கு அதுவே சான்று என்பார் மறுசாரார். கைக்காசைக் கரைக்கும் வேலை என்பது இன்னொரு தரப்பு. அண்மைக் காலத்தில், இனிப் பதிப்பாளரே வேண்டியதில்லை என்ற குரலும் சேர்ந்துகொண்டது. இந்தப் பதில்கள் எல்லாமே அந்தந்தக் காலத்து அச்சுத் தொழிலிலும் விற்பனை முறையிலும் வேர் கொண்டவை. தரத்தைப் பற்றிய சண்டையாகவே இது வெளியில் தெரிகிறது. ஆனால் பெரும்பாலான இடங்களில் தீர்மானிக்கும் காரணம் வேறொன்றாக இருந்திருக்கிறது: அச்சிட்டு விற்காமல் போகும் பிரதிகளின் நட்டத்தை யார் சுமப்பது என்பதுதான் அது.

கையொப்பக்காரர்கள் காலம்

1835இல் அச்சகங்களுக்கு இருந்த உரிமக் கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு, தமிழ்ப் புலவர்கள் அச்சுத் தொழிலுக்குள் வேகமாக நுழைந்தனர். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சொந்த அச்சுக்கூடமே வைத்தார். சி.வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தையும் கலித்தொகையையும் தம் பொறுப்பிலேயே பதிப்பித்தார். ஏட்டைத் தேடியவர், பாடம் தீர்மானித்தவர், அச்சுக்குப் பணம் புரட்டியவர், பிரதியை விற்றவர் எல்லாம் பெரும்பாலும் ஒருவரே. ஆகவே 'சுயபதிப்பு' என்று தனியாகப் பிரித்துச் சொல்ல அன்று அவசியம் எழவில்லை.

இவர்களில் உ.வே. சாமிநாதையரின் முறை கவனத்துக்குரியது. 1887இல் சீவகசிந்தாமணி வெளிவந்தபோது அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அச்சுச் செலவுக்குக் கைமுதல் இல்லை. நூல் வெளிவந்ததும் வாங்கிக்கொள்வதாக வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், மடங்கள், செல்வர்கள் என்று பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். இதன் பொருள் எளிது: அச்சு ஏறுவதற்கு முன்பே வாங்குபவர் யார் என்று தெரிந்துவிட்டது, நட்டம் வந்தாலும் பலரிடம் பங்கிடப்பட்டுவிட்டது. பதிப்பகங்கள் இன்று அறிவிக்கும் 'முன்வெளியீட்டுத் திட்டம்' இதே ஏற்பாடுதான். ஆள் மாறி வங்கிக் கணக்கு வந்திருக்கிறது, அவ்வளவே.

இம்முறையின் பலவீனமும் அதற்குள்ளேயே இருந்தது. கையொப்பம் இடுபவர் வசதியும் மதிப்பும் உள்ளவர். பழந்தமிழ்க் காப்பியத்துக்குப் பெயர் கொடுப்பதில் அவருக்குக் கௌரவம் உண்டு. பெயர் தெரியாத ஒரு புது நாவலாசிரியருக்கு அதே ஆள் கையொப்பம் இட்டிருப்பாரா என்பது ஐயம்தான். சமூகத்தின் மறுகோடியில், சென்னைக் குஜிலிக் கடைகளைச் சுற்றி வேறொரு சந்தை இருந்தது. கொலைச் சிந்தும் ரயில் விபத்துப் பாட்டும் மலிவான தாளில் அச்சாகி, தெருமுனையிலும் சந்தையிலும் பாடிக் காட்டியே விற்கப்பட்டன. பாடிய வாயே விளம்பரம். அங்கே புரவலரும் இல்லை, மதிப்புரையும் இல்லை. விலை சில்லறைக் காசு என்பதால் தேங்கினாலும் பெருநட்டம் இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கியவர்கள்தாம் நவீன எழுத்தாளர்கள். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா, ஓய்வுபெற்ற பிறகு சொந்த அச்சகம் வைத்தார். 1924இல் 'பஞ்சாமிர்தம்' இதழையும் தொடங்கினார். அடுத்த ஆண்டே காலமானார். பாரதியின் திட்டம் இன்னும் பெரியது. 1920இல் கடையத்திலிருந்து அவர் அனுப்பிய சுற்றறிக்கையில், தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, நூலுக்குப் பத்தாயிரம் பிரதி வீதம் அச்சிடப்போவதாகச் சொல்லி, அதற்கு வட்டியுடன் கடன் கேட்டிருந்தார். கற்பனையில் குறையில்லை. கையொப்ப முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுதான் முக்கியம்: சாமிநாதையர் வாங்குபவரைத் தேடினார், பாரதி முதலீட்டாளரைத் தேடினார். கடன் வரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தபோது திட்டம் தாளிலேயே இருந்தது.

சுதந்திரம் என்னும் வாதம்

பதிப்பகங்கள் தொழிலாக வேரூன்றிய பிறகுதான் சுயபதிப்பு ஒரு நிலைப்பாடாக மாறியது. யாரும் அச்சிடத் துணியாததை எழுதியவரே அச்சிட வேண்டும் என்பது இதன் சாரம். இதற்கு இந்தியாவிலேயே வலுவான சான்று அம்பேத்கரின் சாதி ஒழிப்பு உரை. 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அவரைத் தலைமை உரைக்கு அழைத்தது. உரையின் சில பகுதிகளை மாற்றச் சொன்னபோது அவர் மறுத்தார், மாநாடே நின்றது. நிகழ்த்தாத உரையைத் தம் செலவில் 1,500 பிரதி அச்சிட்டார். விரைவில் அவை தீர்ந்தன. தமிழில் அது பெரியாரின் 'குடிஅரசு' வழியாக வந்து சேர்ந்தது. பெரியாரும் தம் எழுத்தை வெளியாரை நம்பி விடாமல், இயக்கத்தின் பதிப்பகங்கள் வழியே மலிவு விலையில் பரப்பியவர்தான்.

இலக்கியத்தில் இந்த வாதத்தின் முகம் சி.சு. செல்லப்பா. 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியவர், அதையொட்டி எழுத்து பிரசுரத்தையும் நடத்தினார். புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றதைச் சமகாலத்தவர் பலர் எழுதியிருக்கிறார்கள். முதுமையில் 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். அவர் மறைந்த பின் 2001இல் அதற்கு சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

இந்த வாதத்தை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் அந்த விருதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அம்பேத்கருக்குப் பின்னால் ஓர் இயக்கமும் அதன் வாசகர்களும் இருந்தார்கள். செல்லப்பாவுக்கு இருந்தது தோள் மட்டும். அவர் புத்தகம் சுமந்த நாட்களில் எழுதாமல் போன பக்கங்களை எந்தக் கணக்கில் வைப்பது? அச்சிடும் சுதந்திரம் தன்னால் வாசகரைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை என்பதற்கும் இதே இரண்டு சான்றுகளும் பொருந்துகின்றன. தவிர, நமக்குத் தெரிந்த சுயபதிப்புகள் எல்லாம் தப்பிப் பிழைத்தவை. பரணில் செல்லரித்துப்போனவற்றை யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

சல்லடை உண்மையில் இருந்ததா?

எதிர்த்தரப்பின் முதன்மை வாதம் பதிப்பாளர் ஒரு சல்லடை என்பது. அவர் தேர்ந்தெடுக்கிறார், செம்மை செய்கிறார், மெய்ப்பு பார்க்கிறார். அதைத் தாண்டி வரும் நூலுக்கு ஒரு குறைந்தபட்சத் தரம் உண்டு. 1974இல் தொடங்கிய க்ரியா போன்ற பதிப்பகங்களைக் கண்டவர்கள் இதை லேசில் தள்ளமாட்டார்கள். கைப்பிரதியை ஆசிரியரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பேசும் மரபை அவை ஏற்படுத்தின.

இருந்தும் இந்த வாதம் விதிவிலக்கை விதியாக்குகிறது. பல தமிழ்ப் பதிப்பகங்களில் செம்மையாக்கத்துக்கென்று தனி ஆள் கிடையாது. மெய்ப்புத் திருத்தம் ஆசிரியர் தலையிலேயே விழும். இன்னொரு சங்கடமும் உண்டு, அதை வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. அட்டையில் பதிப்பகத்தின் பெயர் இருக்கும், அச்சுச் செலவு ஆசிரியருடையதாக இருக்கும். அல்லது இத்தனை பிரதிகளை அவரே வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். முத்திரை பதிப்பகத்துடையது, நட்டம் ஆசிரியருடையது. இந்த மறைமுகச் சுயபதிப்பைக் கணக்கில் சேர்த்தால், பதிப்பக நூல், சுயபதிப்பு நூல் என்று கோடு கிழிப்பதே கடினமாகிவிடும்.

எனினும் சல்லடைவாதிகள் சுட்டும் குறை பொய்யல்ல. அது அதிகம் தெரிவது பக்க வடிவமைப்பில். தமிழில் கைப்பிரதி இன்று யூனிகோடில் வருகிறது. பல டி.டி.பி. நிலையங்களில் பழைய எழுத்துருக்களும் பழைய மென்பொருளும் இன்னும் புழக்கத்தில் உள்ளன. மாற்றி எடுக்கும்போது ஒகர உயிர்மெய்கள் துண்டுபடும். கொம்பு வரி முடிவில் நிற்க, எழுத்தும் காலும் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். சொற்கள் நீளமானவை, முறையாகச் சொல் பிரிக்கும் வசதி இல்லாவிட்டால், இரு ஓரமும் சமன் செய்த பத்தியில் வெள்ளை ஓட்டைகள் விழும். ஒற்று மிகுவதும் மிகாததும் தட்டச்சு செய்தவரின் பழக்கப்படி அமையும். நல்ல பதிப்பகத்தில் இவற்றைப் பிடிக்க ஒரு கண் இருக்கிறது. சுயபதிப்பாளர் அந்தக் கண்ணைக் காசு கொடுத்து அமர்த்த வேண்டும், பலர் மிச்சம் பிடிக்கும் முதல் இடமும் அதுதான். அட்டைக்கு ஓவியர் கிடைக்கிறார், மெய்ப்புக்கு மட்டும் மனைவியோ மைத்துனரோ.

ஒரு கணக்கு

தனியாகப் போட்டால் லாபம் அதிகம் என்ற வாதத்தை எண்களில் வைத்துப் பார்ப்பது நல்லது. பின்வருபவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகைகள். ஊரும் தாளும் மாறினால் இவையும் மாறும்.

டெமி அளவில் 160 பக்கம், அதாவது பத்துப் பாரம். ஆஃப்செட்டில் 500 பிரதி அடித்தால் பிரதிக்கு 70 ரூபாய் என்று கொள்வோம். முதலீடு 35,000. விலை 200. கடைக்கோ விநியோகஸ்தருக்கோ 35 சதவீதக் கழிவு போனால் ஆசிரியர் கைக்கு வருவது 130. போட்ட பணம் திரும்புவது 270ஆவது பிரதி விற்ற பிறகே. 500உம் விற்றால் 30,000 மிஞ்சும். அதே நூலைப் பதிப்பகத்திடம் கொடுத்து 10 சதவீத உரிமத்தொகை வாங்கினால் பிரதிக்கு 20, மொத்தம் 10,000. சுயபதிப்பு மும்மடங்கு லாபம் என்று விளம்பரங்கள் சொல்வது இந்த ஒரு நிலையைத்தான்.

200 பிரதிதான் விற்றது என்றால்? ஆசிரியருக்கு 9,000 நட்டம், வீட்டில் 300 பிரதி. பதிப்பகத்திடம் கொடுத்திருந்தால் 4,000 வரவு. இரண்டு வழிகளும் சமமாவது ஏறத்தாழ 318 பிரதியில். அதற்குக் கீழே உரிமத்தொகை மேல், அதற்கு மேலே சுயபதிப்பு மேல். இதில் நண்பர்களுக்குக் கையெழுத்திட்டுக் கொடுப்பதும், மதிப்புரைக்கு இதழ்தோறும் இரண்டிரண்டாக அனுப்புவதும் சேரவில்லை. கடைக்காரர் மாதங்கள் கழித்துத் தரும் பணத்தின் தாமதமும் சேரவில்லை.

இக்கணக்கு பதிப்பகத்துக்குச் சாதகமாகத் தோன்றலாம். ஆனால் அது ஓர் அனுமானத்தில் நிற்கிறது: பதிப்பகம் விற்ற எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லி, உரிமத்தொகையை ஒழுங்காகத் தர வேண்டும். எழுத்தாளர்களின் நெடுநாள் மனக்குறை அங்கேதான். சட்டம் முற்றிலும் கைவிடவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். ஒப்பந்தமே எழுதாத உலகில் இந்தப் பாதுகாப்பு எவ்வளவு பயன்படும் என்பது வேறு விஷயம்.

நூலகமும் கூட்டுறவும்

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கின் சமநிலையை மாற்றும் பெரிய வாங்குநர் அரசு. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்தது. அந்தப் பணத்தில் ஆயிரக்கணக்கான நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கப்படுகிறது. நூலக ஆணை கிடைத்தால் ஒரு பதிப்பின் பெரும்பகுதி ஒரே மூச்சில் நகர்ந்துவிடும். தனியாட்களும் விண்ணப்பிக்கலாம். மனைவி, மகள், குலதெய்வம் பெயரில் ஒற்றை நூல் பதிப்பகங்கள் ஏராளமாக முளைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கொள்ள இடமுண்டு. ஆனால் விலையைப் பாரக் கணக்கில் அரசே நிர்ணயித்து வந்தது, ஆணை எந்த ஆண்டு வரும் என்று சொல்ல முடியாது. வாசகரைத் தேடும் முயற்சியே மங்கிப்போகும் ஆபத்தும் உண்டு. ஆணையை மட்டும் நம்பி அச்சிட்டவர், அது வராத ஆண்டில் 270ஆவது பிரதியை எங்கே தேடுவார்?

கேரளம் வேறொரு விடை சொன்னது. 1945இல் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் கூடி சாகித்ய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். எழுதுபவர்களே பதிப்பாளர்கள், ஆனால் தனித்தனியாக அல்ல. சொந்தக் கடைகள், விநியோகம், வழக்கத்தைவிட மிக உயர்ந்த உரிமத்தொகை. ஒரு நூலின் நட்டத்தை இன்னொரு நூல் தாங்கியது. தமிழில் கூட்டுறவு முயற்சிகள் அந்த உயரத்தை எட்டவில்லை. ஏன் என்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள், எழுத்தாளர் குழுச்சண்டை, வணிக இதழ்களின் ஆதிக்கம் போன்றவை, ஊகமாகவே நிற்கின்றன.

வெளியீட்டு விழா என்னும் சந்தை

ஈழத்தமிழ்ச் சூழலில் இந்தக் கேள்வி வேறு விதமாகவே எழுகிறது. பெரிய பதிப்பகங்கள் அரிதாக இருந்த இடத்தில் சுயபதிப்பு விதிவிலக்கல்ல, அதுவே நடைமுறை. 1966இல் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை' இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, அதைக் கையில் எடுத்துச் சென்று விற்றவர். பின்னர் மல்லிகைப் பந்தல் வழியே பலருடைய நூல்களையும் கொண்டுவந்தார்.

அங்கே விற்பனையின் மையம் கடை அல்ல, வெளியீட்டு விழா. அழைப்பிதழிலேயே முதற்பிரதி பெறுபவர் பெயர் இருக்கும். அவர் விலையைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. உறையில் வைத்துக் கொடுப்பார், அது நூலின் விலையைப் போலப் பல மடங்கு இருக்கும். தொடர்ந்து சிறப்புப் பிரதி பெறுவோர் வரிசையாக மேடையேறுவர். ஒரே மாலையில் அச்சுச் செலவின் கணிசமான பகுதி திரும்பிவிடக்கூடும். டொராண்டோவிலும் லண்டனிலும் இதே வழக்கம் தொடர்கிறது. தமிழ்நாட்டு வாசகர் சிலர் இதை மொய் என்று கிண்டல் செய்வதுண்டு. கிண்டல் அவசரமானது என்றே தோன்றுகிறது, ஏனெனில் சாமிநாதையரின் கையொப்பமும் இதுவும் ஒரே குடும்பம். மெய்யான குறை வேறு: வாங்கியவர் ஆசிரியருக்காக வாங்கினார், நூலுக்காக அல்ல. விழா முடிந்த மறுநாள் அந்நூலைக் கேட்டு வரும் அறிமுகமற்ற வாசகர் யாருமில்லை.

பத்துப் பிரதி அடிக்கும் காலம்

2008இல் தொடங்கிய பெங்களூரின் போத்தி, அதன்பின் வந்த சென்னையின் நோஷன் பிரஸ் போன்ற நிறுவனங்கள், கேட்கும்போது மட்டும் அச்சிடும் முறையை இந்திய ஆசிரியர்களிடம் கொண்டுவந்தன. 2016 இறுதியில் கிண்டில் தமிழுக்கும் வந்தது. 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளமோ விற்பனையையே விட்டுவிட்டு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகப் பரப்பும் வழியைக் காட்டியது. ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் அரசு முகமையிடம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தயாரிப்பைப் பொறுத்தவரை வாயிற்கதவுகள் பெரும்பாலும் திறந்துவிட்டன.

பதிப்பாளர் தேவையில்லை என்ற வாதம் இங்கிருந்து பிறக்கிறது. முன்பு போட்ட கணக்கை இங்கும் போட்டுப் பார்க்கலாம். சிறு எண்ணிக்கை டிஜிட்டல் அச்சில் பிரதிக்கு 110 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 130க்குக் கடைக்குக் கொடுக்கும்போது மிஞ்சுவது 20. பதிப்பகம் தரும் உரிமத்தொகையும் அதே 20தான். தேங்கும் பிரதியின் நட்டம் நீங்கியது, ஆனால் சுயபதிப்பின் கூடுதல் லாபம் முழுவதையும் விழுங்கிவிட்டே நீங்கியது. நேரடியாக வாசகருக்கு அனுப்பினால் மட்டுமே மிச்சம் கூடும். அப்போது பொட்டலம் கட்டுவதும் தபால் செலவும் ஆசிரியருடையவை.

மின்னூலில் அச்சுச் செலவு இல்லை, நிபந்தனை உண்டு. கிண்டிலில் உரிமத்தொகை 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமானால் 'செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும், சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் தரக் கூடாது. சந்தாதாரர் படித்தாலோ, விற்ற பிரதிக்கு அல்ல, படித்த பக்கத்துக்குப் பணம். துப்பறியும் கதைக்கும் குடும்பக் கதைக்கும் இது பொருந்துகிறது. ஆய்வு நூலையும் கவிதையையும் பக்கக் கணக்கில் அளப்பது எந்த அளவுக்கு நியாயம் என்பது விவாதத்துக்குரியது.

ஆக, பழைய இடர் மறைந்து அதன் இடத்தில் புதியது வந்து உட்கார்ந்திருக்கிறது: நூல் இருப்பதே தெரியாமல் போவது. 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சியில் ஒற்றை நூலுக்கு ஓர் அரங்கு எடுப்பது கட்டுப்படியாகாது. வேறொருவர் அரங்கின் மேசையில், 'விற்றால் பணம், இல்லாவிட்டால் பிரதி' என்ற பேச்சில் வைக்க வேண்டியதுதான். முகநூலில் அறிவித்தால் முதல் ஐம்பது பிரதி நண்பர் வட்டத்தில் போகும். ஐம்பத்தொன்றாவது வாசகர்தான் சிக்கல். எஸ். ராமகிருஷ்ணன் தேசாந்திரி பதிப்பகம் வழியே தம் நூல்களைத் தாமே வெளியிட முடிகிறது என்றால், அந்த ஐம்பத்தொன்றாவது வாசகர் பல ஆண்டுகளாக அவரிடம் முன்பே இருக்கிறார். இதை முதல் நூல் எழுதியவருக்கு முன்மாதிரியாகக் காட்டுவது பொருந்தாது.

தீராதவை

மேலே கண்ட வாதங்களில் எதையும் முழுதாகத் தள்ளவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. யாரும் தொடாத கருத்துக்குச் சுயபதிப்பு இன்றும் இன்றியமையாதது என்பது ஓரளவு உறுதி. வாசகர் முன்பே திரண்டிருக்கும் இடங்களில், அது புலவரின் கையொப்பப் பட்டியலோ இயக்கமோ புகழோ ஊர்க்கூட்டமோ, அது பலித்திருக்கிறது என்பதும் சான்றுகளோடு ஒத்துப்போகிறது. பொதுவான இலக்கிய நூலுக்கு, முதல் முறை எழுதுபவருக்கு, அது மேலான வழி என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. பதிப்பகமே மேலானது என்று சொல்லவும், கணக்கைக் காட்டாத பதிப்பகங்கள் இருக்கும்வரை, இயலாது.

சில கேள்விகள் திறந்தே கிடக்கின்றன. செம்மையாக்கத்தைப் பதிப்பகத்திலிருந்து பிரித்து, தனித் தொழிலாகத் தமிழில் நிலைநிறுத்த முடியுமா என்பது ஒன்று. அச்சுக்கூலியைப் பேரம் பேசாமல் தருபவர்கூட மெய்ப்புத் திருத்துநருக்குத் தரத் தயங்கும் சந்தையில் அதற்கான ஊதியம் எங்கிருந்து வரும்? கோட்டயத்து முறையை, கடைகளுக்குப் பதில் இணைய விநியோகத்தை வைத்து, இன்று மறுபடி முயல முடியுமா என்பது இரண்டாவது. தனியாட்களின் நூல்களை நூலகங்கள் பதிப்பகத்தின் பெயரைப் பாராமல் உள்ளடக்கத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்க ஒரு வழிமுறை அமையுமா என்பது மூன்றாவது.

நான்காவது, இவற்றுக்கெல்லாம் அடிப்படையானது: எத்தனை நூல்கள் இப்படி வெளிவருகின்றன என்ற பதிவு. 1867ஆம் ஆண்டு அச்சுச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு காலாண்டும் தயாரான நூற்பட்டியல்கள்தாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சைப் பற்றி ஆய்வாளர்கள் பேச உதவுகின்றன. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் வந்த சட்டம் பருவ இதழ்களை மட்டுமே கவனிக்கிறது. மிஞ்சுவது 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டம். அதன்படி, நூலை வெளியிடும் எவரும் முப்பது நாளுக்குள் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட குறிப்பிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும், தம் நூலைத் தாமே அச்சிட்டவரும் இதில் சேர்த்திதான். அந்த ஒரு பிரதியும் போய்ச் சேராவிட்டால், பத்துப் பிரதி அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்து முடிந்த நூலைப் பின்னாளில் தேடுபவருக்கு அது வெளிவந்ததற்கான தடயமே கிடைக்காது.